கண்ணாடி காட்டாத மதலை

முந்திரிக்கொட்டை வறுக்கும்போது வடிகிற எண்ணெய் தோலில் பட்டால் சும்மா விடாது. பட்ட இடம் முதலில் எரியும், பிறகு கறுக்கும், மூன்றாம் நாள் உரியும். நெடுங்கரைப்பட்டியில் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அன்றைக்குச் சுடர்விழி சாம்பல் பூச மறந்துவிட்டாள். வறுத்த சட்டியைச் சரித்தபோது கொதிக்கிற எண்ணெய் அவளுடைய வலது கையில் மூன்று விரல்களை நனைத்துக்கொண்டு வழிந்தது. அவள் பாட்டுக்கு அடுத்த சட்டிக்குக் கொட்டை அள்ளினாள்.

எதிரே இருந்த அவள் அம்மா ராசாத்திதான் பார்த்தாள். மகளின் விரல்களில் தோல் குமிழ் குமிழாகப் பொங்கியிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“வலிக்கலையாடி?”

சுடர்விழி தன் கையைத் தூக்கி, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். “இல்லம்மா,” என்றாள்.

ராசாத்தி உடைத்துக்கொண்டிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். இது வைகாசி பிறந்து நான்காம் நாள். ஊரில் அய்யனாருக்கு மண்குதிரை சுமந்துபோகிற புரவி எடுப்பு நடக்க இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

கை எப்படி மரத்தது என்று அம்மாவுக்குத்தான் தெரியாது. சுடர்விழிக்குத் தெரியும். அதைச் சொல்லப் பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஊருக்கு மேற்கே முந்திரித் தோப்பு முடிந்து கண்மாய்க்கரை தொடங்குகிற இடத்தில் அய்யனார் இருக்கிறார். கோபுரமோ கதவோ கிடையாது. இரண்டு பக்கமும் வரிசையாக மண்குதிரைகள், ஆள் உயரத்துக்கு. குதிரைகளுக்குப் பின்னால் மதலைகள். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால், இவனை எங்களுக்கு விட்டுவிடு, இவனுக்குப் பதிலாக மண்பிள்ளையை வைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, மண்ணில் ஒரு பிள்ளை செய்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதுதான் மதலை. நோய்ப்பட்ட பிள்ளை தன் கையாலேயே ஒரு பிடி மண் எடுத்து, பானை வனைகிற வேளாரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கலந்து உருவம் பிடித்துச் சூளையில் வைப்பார். கண்ணை மட்டும் எழுத மாட்டார். கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் கண்.

கண் எழுதும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது. ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள். மண் முதலில் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தான் மண் என்று அதற்குத் தெரியும். வேறு எதையாவது பார்த்துவிட்டால் காலத்துக்கும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்பார்கள்.

அந்த வருஷம் செவந்தி என்பவளின் மகன் சேவுகன் காய்ச்சலில் படுத்தான். சுடர்விழியோடு நாலாம் வகுப்பில் படித்தவன். அவனுக்கு மதலை செய்து கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். வேளார் மைக்கிண்ணத்தை எடுக்கும்போது, பையன் போய்விட்டான் என்று ஊருக்குள்ளிருந்து ஆள் ஓடிவந்தது. எல்லாரும் அப்படியே போட்டது போட்டபடி ஓடினார்கள். செவந்தி பிறகு திருக்கோகர்ணத்துக்குத் தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். கண் எழுதாத மதலையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, உடைக்கவும் கூடாது. கடைசி வரிசையில் பாலை மரத்தடியில் அது குருடாக நின்றது.

ஒன்பது வயதுச் சுடர்விழி பாலைப்பழம் பொறுக்க ஓர் உச்சிவேளையில் அங்கே போனாள். தன் வகுப்புப் பையனின் சாடையில் ஒரு மண்பையன் ஒன்றும் தெரியாமல் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. காலையில் அம்மா தீட்டிவிட்ட மையைத் தன் கண்ணிலிருந்தே விரலால் வழித்து, அதற்கு இரண்டு கண் எழுதினாள். எழுதிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று நேர் எதிரே நின்று பார்த்தாள். கண்ணாடி காட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதை அவள் மறந்தும்போனாள். ஞாபகம் வந்தது இந்த வருஷம் பங்குனியில்தான். புதுக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம், பரீட்சைக்கு முந்திய லீவு. தோப்பில் உதிர்ந்த பழத்தைக் காக்கச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். நடுப்பகலில் பாலை மரத்தடியில் ஒருவன் நின்றான். அவள் வயதுதான் இருக்கும். செம்மண் நிறம். மழை பெய்து மாதக் கணக்காகியிருந்தது. ஆனால் அவன் நின்ற இடத்தில் புதுமழை விழுந்த மண்வாசனை அடித்தது.

யார் நீங்க என்று கேட்க வாயெடுத்தவள், அவன் கண்ணைப் பார்த்ததும் கேட்கவில்லை. இடது கண் வலதைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டின் வாலும் கோணல். ஒன்பது வயதுப் பிள்ளை எழுதிய கண்.

ஓடியிருக்கலாம். ஓடத்தான் நினைத்தாள். அதற்குள் அவன், “டென்த் ரிசல்ட் அன்னைக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போயி ஏன் அழுத? நல்ல மார்க்குதான வாங்கியிருந்த?” என்றான்.

அது யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணிய அப்பா, இப்ப எந்த கிளாஸ் படிக்கிறா என்று அம்மாவிடம் கேட்டது அவள் காதில் விழுந்த நாள் அது. ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்படிக் கேட்டார். அவள் அழுததைக் கேட்க இந்த உலகத்தில் ஒருவன் இருந்திருக்கிறான். சுடர்விழி நின்றுவிட்டாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். உச்சிவேளையில் காலடியைவிட்டு நிழல் நகராமல் இருக்கிற கொஞ்ச நேரம்தான் அவன் இருப்பான். நிழல் கிழக்கே ஓர் அடி நீண்டதும் பேச்சு பாதியில் நிற்கும். ஆள் நின்ற இடத்தில் இரண்டடி உயர மதலை நிற்கும். அவளிடம் அவன் கேட்காத கேள்வி இல்லை. பஸ்ஸில் சீட்டு கிடைக்குமா, லேப் என்றால் என்ன, பசி எங்கே எடுக்கும் என்றெல்லாம் கேட்டான். ஒரு நாள் ஆண்மயில் ஒன்று தோகையை விரித்துக்கொண்டு பத்தடியில் வந்து நின்றது. பாருங்க என்று அவள் கை காட்டினாள். அவன் திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மயிலு எப்புடி இருக்கும், சொல்லு என்றான். அவனால் வேறு எதையும் பார்க்க முடியாது என்பதை அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். உடம்பு சிலிர்த்தது. பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொன்ன கதையை அவனுக்குச் சொன்னாள். நாலு பேர் வழிப்பயணம் போகிறார்கள். தச்சன் மரத்தில் பெண் செதுக்குகிறான், நெசவாளி சேலை உடுத்துகிறான், தட்டான் தாலி செய்து பூட்டுகிறான், மந்திரக்காரன் உயிர் கொடுக்கிறான். விடிந்ததும் பெண் யாருக்கு என்று சண்டை. செதுக்கியவன் தகப்பன், உடுத்தியவன் தாய்மாமன், உயிர் கொடுத்தவன் தாய்க்குச் சமம், தாலி பூட்டியவன்தான் புருஷன் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார்.

“அந்தப் பொம்மகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?” என்றான் அவன்.

“கேட்டிருந்தா?”

“முதல்ல யாரப் பாத்துச்சோ அவுகளச் சொல்லியிருக்கும்.”

அன்றுதான் அவள் தன் வலது கையை நீட்டினாள். அவன் தொட்டான். புதுப்பானைத் தண்ணீரில் கை வைத்ததுபோல ஜில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போன பிறகு ஆள்காட்டி விரலில் அந்த ஜில்லிப்பும் இல்லை, வேறு எந்த உணர்ச்சியும் இல்லை. கிள்ளினாலும் தெரியவில்லை. அடுத்த முறை தொட்டபோது அவன் மணிக்கட்டில் நாடி துடித்தது. அதற்கடுத்த வாரம் நெற்றியில் வேர்த்தது. நிழல் இரண்டடி நீண்டும் அவன் நின்றான். சித்திரை முடியும்போது அவனுக்கே மெலிதாக ஒரு நிழல் விழத் தொடங்கியது. அவளுக்கு மரப்பு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. தெரிந்துதான் கையைக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்கத்தான் தெரியவில்லை.

எண்ணெய் பட்ட மறுநாள் ராசாத்தி மகளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தேமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள், நரம்புக்குக் கரன்ட் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ராசாத்தி வெளியே வந்து பஸ்ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தாள். கிளாஸ் சுடுகிறதா என்று கேட்டாள். சுடவில்லை என்று மகள் சொன்னதும் ஊர் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். மதலை வைக்கிறேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டாள்.

பிடிமண் எடுக்கும்போது, நல்ல மண்ணாக எடு, கண்மாய்க்குள்ளே எடு என்று அம்மா சொன்னாள். சுடர்விழி நேரே கடைசி வரிசைக்குப் போய், பாலை மரத்தடி மதலையின் பாதத்துக்கு அடியிலிருந்து இடது கையால் ஒரு பிடி அள்ளினாள். அப்போது அவளுக்கு எந்த யோசனையும் இல்லை. அவன் பக்கத்து மண் என்பது ஒன்றுதான்.

மண்ணை வாங்கிக்கொண்டவர் ஆத்மநாதன் வேளார். அவர் மகள் வனிதா, சுடர்விழியோடு ஒரே பஸ்ஸில் காலேஜுக்குப் போகிறவள். சூளைக்குப் பக்கத்தில் வைத்து அவளிடம் மட்டும் சுடர்விழி எல்லாவற்றையும் சொன்னாள்.

வனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். “பஸ்ல இருபது பேரு ஒன்னயப் பாக்குறான். ஒருத்தன் கோந்து போட்ட மாதிரி தலையச் சீவிக்கிட்டு கந்தர்வக்கோட்டையில இருந்து நின்னுக்கிட்டே வாரான். ஒனக்கு எங்கப்பா செஞ்ச மண்ணுதான் கெடச்சுதாடி?”

சுடர்விழி கையை நீட்டினாள். வனிதா விளையாட்டாக, பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல அவள் முழங்கைக்குக் கீழே விரல் முட்டியால் தட்டினாள்.

டங்கென்று கேட்டது.

வனிதாவின் சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை தட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் அப்பா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். ஓர் ஆளுக்குப் பதில் ஒரு மண். மண் நிற்கும், ஆள் நடமாடுவான். இரண்டும் நடமாட முடியாது. சுடர்விழியின் மதலைக்குக் கண்ணாடி காட்டிக் கண் எழுதிவிட்டால் அது அவளுக்காக நின்றுகொள்ளும், அவள் கை திரும்பிவிடும்.

“அவன்?”

“அவன் நின்ன எடத்துல நிப்பான். வேற எப்புடி?” என்றாள் வனிதா.

அன்று உச்சியில் அவனிடம் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரியாதவன்.

“புரவி வர்ற அன்னைக்கு, ஒன்னோட மதலைக்கு கண்ணு எழுதுறதுக்கு முன்னாடி வா. கையக் குடு. விடாம புடிச்சிருக்கணும், பொழுது சாயுற மட்டும்.”

“அப்பறம்?”

“நான் நடந்து போவேன். பஸ் ஏறுவேன். மயிலப் பாப்பேன்.”

“நானு?”

“நீ இங்கன நிப்ப. நான் ஒன்னயப் பாத்த மாதிரி, நீ என்னயப் பாத்துக்கிட்டு நிப்ப. வலிக்காது சுடரு.”

தோப்பில் ஓர் இலை அசையவில்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

“கண்ணு எழுதியாச்சு. அழிக்க முடியாது. நீ எங்கிட்டுப் போனாலும் பாத்துக்கிட்டே நிக்கணும். ஒனக்கு கல்யாணம் ஆகும், புள்ள பொறக்கும். எல்லாம் தெரியும். ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது. வான்னு ஒன்னயக் கூப்புடக் கூடாதுன்னு தெரியுது. கூப்புடாம இருக்க முடியல. காஞ்ச மண்ணு தண்ணியக் கேக்காம என்ன செய்யும்?”

வீட்டுக்கு வந்து சுடர்விழி ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினாள். போனால் நான் நிற்கிறேன். போகாவிட்டால் அவன் நிற்கிறான். அதற்குக் கீழே மூன்றாவது வரி எழுத இடம்விட்டு வைத்திருந்தாள். புரவி எடுப்புக்கு மிச்சமிருந்த பத்து நாளும் அந்த இடம் காலியாகவே இருந்தது. மரப்பு முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறியது. இரவில் புரண்டு படுத்தால் கை தரையில் இடித்து ஓட்டுச்சில்லு சத்தம் கேட்டது. ராசாத்தி தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புரவி எடுப்பு அன்று காலையில் வேளார் வீட்டு வாசலிலிருந்து பன்னிரண்டு குதிரைகள் புறப்பட்டன. ஒரு குதிரைக்கு எட்டு ஆள் தோள் கொடுத்தார்கள். கொட்டும் வெடியும் முன்னால் போயின. குதிரைகளுக்குப் பின்னால் பெண்கள் மதலைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ராசாத்தியின் தலையில் இருந்தது சுடர்விழி: சுண்ணாம்பு பூசிய முகம், மஞ்சள் பாவாடை, ஒற்றைச் சடை. கண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. பின்னால் நடந்து வந்த சுடர்விழிக்குத் தன் முதுகையே பார்த்துக்கொண்டு போவதுபோல இருந்தது.

கோயிலில் இறக்கியதும் ஆத்மநாதன் குதிரைகளுக்குக் கண் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே கண்ணாடி. மதலைகள் தங்கள் முறைக்கு வரிசையாக நின்றன. ராசாத்தி பொங்கல் பானையைப் பார்க்கப் போனாள். வெயில் உச்சிக்கு வந்தது. அவ்வளவு கூட்டத்திலும் சுடர்விழிக்கு மண்வாசனை வந்தது.

கடைசி வரிசையில் அவன் நின்றான். இப்போது அவனுக்கு அழுத்தமான நிழல் இருந்தது. அவனைத் தாண்டிப் போகிறவர்கள் யாரும் பார்க்கவில்லை, ஆனால் அவன் நிழலை மிதிக்காமல் தங்களையறியாமல் விலகிப் போனார்கள். அவன் கையை நீட்டியிருந்தான். அந்தக் கண்கள் இரண்டும் அவள்மேல் இருந்தன. பத்து வருஷமாக இருந்ததுபோல.

யாரை முதலில் பார்த்ததோ அவர்களைச் சொல்லியிருக்கும்.

சுடர்விழி தன் மதலையைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். வனிதா கண்ணாடியோடு பின்னாலேயே ஓடிவந்தாள். சுடர்விழி அவன் கையைப் பிடிக்கவில்லை. பாலை மரத்தடியில் அவன் காலடிக்கு நேர் எதிரே, ஒரு சாண் இடைவெளியில், அவனைப் பார்க்கத் தன் மதலையை நிறுத்தினாள். மண்டி போட்டு அதன் பக்கவாட்டில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

“கண்ணாடி இல்லாம எழுதாதடி,” என்றாள் வனிதா. “அப்பறம் அது அவனையேதான் பாத்துக்கிட்டு நிக்கும்.”

“நிக்கட்டும்.”

இடது கை விரலால் தன் கண்ணிலிருந்து மையை வழித்தாள். ஒரு கண் எழுதினாள். கோணலாகத்தான் வந்தது.

மேலேயிருந்து அவன் கேட்டான். “என்னய விட்டுட்டுப் போறியா?”

“இல்ல,” என்றாள் சுடர்விழி. நிமிராமல் சொன்னாள். நிமிர்ந்தால் முடியாது. “இங்க இருந்துட்டுத்தான் போறேன்.”

இரண்டாவது கண்ணையும் எழுதினாள்.

முன்வரிசையில் மணி அடித்தார்கள். அவள் நிமிர்ந்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை. பத்து வருஷத்தில் முதல் முறையாக அவன் கண் நகர்ந்திருந்தது. குனிந்து, மஞ்சள் பாவாடை கட்டிய அந்த மண்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பக்கவாட்டில் அவள் அன்றுதான் கண்டாள். காதுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை ஆழமாகப் பதிந்திருந்தது. ஆத்மநாதனுடைய விரலாக இருக்கும். என்னைப் பார் என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ஆள் இல்லை. நிழலும் இல்லை. இரண்டு மதலைகள்தான் முகத்துக்கு முகம் நின்றன.

பிறகு வலி வந்தது. இருபத்திரண்டு நாள் முந்திய எண்ணெய், ஊசிக்குத்து, தரையில் இடித்த இடி, எல்லாம் ஒன்றாக வந்து கையில் இறங்கியது. அவள் கையை மடியில் அழுத்திக்கொண்டு குனிந்து அழுதாள். ஓடிவந்த ராசாத்தி, எங்கடி வலிக்குது, நல்லா வலிக்குதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வலிக்குதும்மா என்று மகள் சொல்லச் சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அழுகை கைக்காக மட்டும் இல்லை என்று வனிதாவுக்குத்தான் தெரியும். அவள் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆடியில் காலேஜ் திறந்தது. ஒரு சனிக்கிழமை அரை நாள்தான் கிளாஸ். நடுப்பகலில் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சுடர்விழியும் வனிதாவும் தோப்பை ஒட்டி நடந்து வந்தார்கள். கந்தர்வக்கோட்டைக்காரன் அன்று சீட்டுப் பிடித்துக் கொடுத்ததைச் சொல்லி வனிதா சீண்டிக்கொண்டு வந்தாள். அவன் தன்னைப் பார்த்த நேரத்தைவிட ஜன்னலைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று சுடர்விழி சொன்னாள். அது பரவாயில்லை என்றும் சொன்னாள்.

அப்போது தோப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் சிரித்தாள். நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். யாரோ ஏதோ மெதுவாகச் சொல்ல, இல்ல, மயிலு அப்புடி இருக்காது என்று பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அது சுடர்விழியின் குரல்.

அவள் நின்றாள். வனிதாவும் நின்றாள். வனிதா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஒனக்கும் கேக்குதா?” என்றாள் சுடர்விழி.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாக்காம நட.”

நடந்தார்கள். வெயில் உச்சியில் நின்றது. விரல்களில் எண்ணெய் பட்ட தழும்பு அரித்தது, அவள் நகத்தால் சொறிந்துகொண்டே போனாள், நன்றாக எரிந்தது. பின்னால் சிரிப்பு வெகுதூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. தான் எப்போதாவது அப்படிச் சிரித்திருக்கிறோமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வீடு வந்து சேரும் வரைக்கும் ஞாபகம் வரவில்லை.